நீர்க்கடுப்பும் அப்பாவோட மாத்திரை டப்பாவும்

முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. ஓ.எம்.ஆர்ல பொட்டி தட்டற ஒரு சாதாரண ஜீவன். இன்ஜினியரிங் படிச்சதுல உடம்பைப் பத்தி ஒரு பேப்பர் கூட கிடையாது. அதனால இதைப் படிச்சிட்டு "நீ யாரும்மா மருந்து சொல்றதுக்கு"ன்னு கேட்டீங்கன்னா நியாயம்தான். நான் மருந்து சொல்ல வரலை. எந்த மருந்தைத் தொடக்கூடாதுன்னு சொல்ல வந்திருக்கேன். அதையும் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டுதான் சொல்றேன்.

போன மார்கழி. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போகலைன்னா பாட்டி ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவா. லீவு போட்டுட்டு கோயம்பேடு பக்கம் பஸ் ஏறினேன். ராத்திரி பஸ்ல போற பொண்ணுங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பழக்கம் இருக்கு. சாயங்காலம் 5 மணிக்கு மேல தண்ணி குடிக்கறதில்லை. பஸ்ஸை நடுராத்திரி எங்கேயாவது ஒரு மோட்டல்ல நிறுத்துவான், அந்த பாத்ரூமை நினைச்சாலே தாகம் போயிடும். பக்கத்து சீட் ஆளுங்க பாட்டில் பாட்டிலா குடிச்சிட்டு, நிறுத்தின இடத்துல இருட்டுப் பக்கமா நடந்து போயிட்டு வந்து நிம்மதியா குறட்டை விடுவாங்க. வயித்தெரிச்சல்.

மறுநாள் காலைல வீடு. அன்னிக்கு ராத்திரி பரமபத வாசலுக்கு கியூ. அங்கேயும் அதே கணக்குதான். தற்காலிகக் கழிப்பறை வைக்கறாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா நகர்ந்தா இடம் போச்சு. என் பின்னாடி நின்ன மாமி தஞ்சாவூர்ல இருந்து வந்திருந்தா. "காத்தாலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல"ன்னு பெருமையா சொன்னா. விடியக்காலைல ரத்னாங்கியில பெருமாளைச் சேவிச்சிட்டு வந்தாச்சு. வந்தபுறம் ஏகாதசி உபவாசம். எண்பது வயசுல பாட்டி தண்ணி கூட தொடாம இருக்கறதைப் பார்த்து எனக்கும் ஒரு ரோஷம். நானும் நிர்ஜலம்! கூட்டிப் பார்த்தா பஸ் ராத்திரி, கியூ ராத்திரி, ஏகாதசிப் பகல், அன்னிக்கு ராத்திரி. மூணு ராத்திரி, ரெண்டு பகல்ல நான் குடிச்ச தண்ணி ஒரு சொம்பு இருக்கும்.

துவாதசி காலைல பாரணைக்கு அகத்திக்கீரையும் சுண்டைக்காயும் அடுப்புல இருக்கு. நான் பாத்ரூம்ல. எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல். மிளகாய்த்தூளைக் கரைச்சு விட்ட மாதிரி. வெளில வந்து அஞ்சு நிமிஷத்துல திரும்பவும் போகணும்னு தோணுது. போனா நாலு சொட்டு. அடிவயித்துல ஒரு கனம்.

பாட்டி கண்டுபிடிச்சிட்டா. "என்னடி, காத்தாலேர்ந்து உள்ளயும் வெளியவும் நடந்துண்டிருக்கே? சூடு பிடிச்சிண்டுடுத்தா?"

மார்கழிக் குளிர்ல என்ன பாட்டி சூடுன்னு கேட்டேன். "வெயில் சூடு வேற, ஒடம்புச் சூடு வேற. நோக்குத் தெரியாது, சும்மா இரு"ன்னுட்டு தொப்புள்ல விளக்கெண்ணெய், வெந்தயம் ஊறின தண்ணி, பார்லிக் கஞ்சி, நீர்மோர்னு வரிசையா ஆரம்பிச்சா. நெருஞ்சிமுள் வாங்க நாட்டு மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பற வரைக்கும் போயிடுத்து.

இங்க நீங்க எதிர்பார்க்கறது தெரியும். படிச்ச பொண்ணு பாட்டி வைத்தியத்தைக் கிண்டல் அடிக்கப் போறான்னு. இல்லை. அன்னிக்கு எங்க வீட்ல நடந்ததுலயே ரொம்ப உருப்படியான காரியம் பாட்டி பண்ணினதுதான். விளக்கெண்ணெயை விடுங்க, அது தொப்புளோட சரி. மத்த எல்லாத்துலயும் இருந்தது என்ன? தண்ணி. பார்லிங்கற பேர்ல தண்ணி, மோருங்கற பேர்ல தண்ணி. எனக்கு இல்லாம போனதே அதுதானே.

தப்பு பண்ணினது அப்பா. அப்பான்னா அப்பாவோட டப்பா. எல்லார் வீட்டுலயும் ஒண்ணு இருக்கும். எங்க வீட்டுல பழைய பிஸ்கட் டின். உள்ளே பாதி கிழிச்ச ஸ்ட்ரிப்புகள், மூடி ஒட்டிக்கிட்ட சிரப், யாரோ எதுக்கோ சாப்பிட்டு மிச்சம் வெச்ச மாத்திரைகள். அப்பா ரிடையர்டு பேங்க் ஆபீசர், ஒரு ரூபாய் மாத்திரையையும் தூக்கிப் போட மாட்டார். அதுல இருந்து ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்துக் கொடுத்தார். ஆஃப்ளாக்ஸசினும் ஆர்னிடஸோலும் சேர்ந்தது. முன்னே அவருக்கு வயித்துப்போக்கு வந்தப்போ வாங்கினது. மூணு மாத்திரை பாக்கி. "இன்ஃபெக்‌ஷனுக்கெல்லாம் இதான்மா. கேக்கும்."

கேட்டது! அதான் பிரச்சினையே. ரெண்டாவது மாத்திரையிலயே எரிச்சல் குறைஞ்சது. மூணாவதோட ஸ்ட்ரிப்பும் தீர்ந்தது, வலியும் தீர்ந்தது. பாட்டி நெருஞ்சிமுள்ளால போச்சுன்னா, அப்பா மாத்திரையாலன்னார். ரெண்டு பேரும் ஜெயிச்ச சந்தோஷத்துல நான் மெட்ராஸ் பஸ் ஏறினேன். (வழியில தண்ணி குடிக்கலை. புத்தி வந்தாத்தானே.)

ஒன்பதாவது நாள் ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் கால் நடக்குது. திடீர்னு பல்லு கிடுகிடுன்னு அடிச்சிக்கிற குளிர். ஏசியைக் குறைங்கன்னு கத்தறேன், பக்கத்துல இருக்கறவன் ஏசி ஆஃப்ல இருக்குங்கறான். ஜுரம் 103. வலது பக்க விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமா யாரோ கட்டையால அடிச்ச மாதிரி வலி. ரெண்டு தடவை வாந்தி. கிருமி சிறுநீர்ப்பையோட நிக்காம சிறுநீரகத்துக்கு ஏறிடுச்சு.

அட்மிட் ஆனேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எரிச்சல் ஆரம்பிச்சப்போ யூரின் கல்ச்சர் எடுத்தியா?" இல்லை. "என்ன மாத்திரை சாப்பிட்டே?" சொன்னேன். "எத்தனை?" மூணு. அவங்க திட்டலை. பேனாவை மேஜை மேல வெச்சிட்டு என்னைப் பார்த்தாங்க. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்தது.

ரெண்டு நாள் கழிச்சு கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. கிருமி ஈ.கோலை. நம்ம குடல்லயே சாதுவா குடியிருக்கற பாக்டீரியாதான், இடம் மாறி வந்தா இந்த வேலை பண்ணும். பெரும்பாலான சிறுநீர்த் தொற்றுக்கு அதுதான் காரணமாம். ரிப்போர்ட்ல ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக் பேருக்கும் எதிரே ஒரு எழுத்து இருக்கும். எஸ்-னா மருந்து கேட்கும், ஆர்-னா கேட்காது. என்னோடது ஆர் ஆர் ஆர்னு ராஜமௌலி படம் மாதிரி ஓடுது. அப்பாவோட ஆஃப்ளாக்ஸசினுக்கும் ஆர். கேட்கற மாத்திரைன்னு இருந்தது ரெண்டுதான், அதுவும் சிறுநீர்ப்பையில இருக்கற தொற்றுக்குத்தான் சரிப்படும், சிறுநீரகத்துக்கு ஏறின பிறகு போதாதுன்னாங்க. அதனால தினமும் ஊசி.

நான் புரிஞ்சுக்கிட்டதை எங்க தொழில் பாஷைல சொல்றேன். ப்ரொடக்‌ஷன்ல ஒரு எர்ரர் வருது. முதல்ல என்ன பண்ணுவோம்? லாக் ஃபைலைப் பத்திரமா எடுத்து வெப்போம். அப்புறம்தான் சர்வர்ல கை வெப்போம். லாக்கை அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணினவனை டீம்ல என்ன பண்ணுவாங்கன்னு தெரியும்ல? துவாதசி அன்னிக்கு நான் பண்ணினது அதுதான். முதல் நாள் சிறுநீர்தான் அந்த லாக். மூணு மாத்திரை உள்ளே போனதும் எளிய கிருமி செத்துது, முரட்டுக் கிருமி நின்னுது. முதல் நாள் இருந்தது எதுக்கு அடங்கியிருக்கும்னு இனி யாராலயும் சொல்ல முடியாது.

அப்போ எரிச்சல் ஆரம்பிச்ச அந்த நிமிஷத்துக்கும் டாக்டரைப் பார்க்கற நேரத்துக்கும் நடுவுல என்னதான் பண்றது? ஸ்ரீரங்கத்துல ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சா தில்லை நகர் டாக்டரைப் பார்க்க மறுநாள் ஆயிடும். அந்த ஒரு ராத்திரிதான் இந்தப் பதிவோட விஷயமே.

தண்ணி குடிங்க. பாட்டி சொன்ன கஞ்சியோ மோரோ, எதுவா வேணா இருக்கட்டும். வாளி வாளியா வேண்டாம், வெளிர் மஞ்சளா போற அளவுக்கு. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு இருக்கறவங்க மட்டும் இதுலயும் டாக்டர் சொன்ன அளவுதான். இளநீர்ல பொட்டாசியம் ஜாஸ்தி, கிட்னி சரியில்லாதவங்களுக்கு அது விளையாட்டு இல்லை. காபியைக் கொஞ்ச நேரம் தள்ளி வைங்க (கும்பகோணம் டிகிரி காபி ரசிகர்கள் மன்னிக்க). அடக்காதீங்க, நாலு சொட்டுன்னாலும் போயிட்டு வாங்க. வலிக்கு அடிவயித்துல வெந்நீர்ப் பை, வேணும்னா பாராசிட்டமால். மருந்துக்கடையில கிடைக்கற அந்த இனிப்பும் புளிப்புமான சிட்ரேட் சிரப் எரிச்சலைத் தணிக்கலாம், கிருமியை ஒண்ணும் பண்ணாது. அதோட, நைட்ரோஃபியூரன்டாயின்னு டாக்டர் வழக்கமா எழுதற ஒரு மாத்திரைக்கு அந்த சிரப் இடைஞ்சல், அது அமிலத்தன்மை இருக்கற சிறுநீர்லதான் நல்லா வேலை செய்யும். அதனால குடிச்சிருந்தா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க.

அப்புறம் அந்த லாக். மாத்திரை எதையும் வாயில போடறதுக்கு முன்னாடி சாம்பிள். லேப்ல கேட்டா சுத்தம் பண்ணின டப்பா கொடுப்பாங்க. கழுவிட்டு, முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிக்கணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேப்ல கொடுக்கணும், முடியலைன்னா ஃப்ரிட்ஜ்ல வெச்சு 24 மணி நேரத்துக்குள்ள கொடுக்கலாம்ங்கறாங்க. தோசை மாவும் தயிரும் இருக்கற ஃப்ரிட்ஜ்ல இதை வெச்சா எங்கம்மா என்னையும் சேர்த்து வெளியே வெப்பா. காலைல லேப் திறந்ததும் நேரா அங்கேயே போய்க் கொடுக்கறது உத்தமம். மத்தபடி ஆரோக்கியமா இருக்கற சின்ன வயசுப் பொண்ணுக்கு முதல் தடவை வந்தா, கல்ச்சர் இல்லாமலே அறிகுறியை வெச்சு டாக்டர் மருந்து எழுதறது உண்டு, அது தப்பில்லை. அதை முடிவு பண்ண வேண்டியது அவங்க. பிஸ்கட் டின் இல்லை.

ஒரு ராத்திரி கூட காத்திருக்கக் கூடாத ஆளுங்க இருக்காங்க. குளிர் ஜுரம், விலாவுல வலி, வாந்தி, சிறுநீர்ல ரத்தம், இல்லை சுத்தமா வரவே இல்லைன்னா உடனே கிளம்பணும். கர்ப்பமா இருக்கறவங்க, சர்க்கரைக்காரங்க, குழந்தைங்க, இவங்களுக்கெல்லாம் எரிச்சல் மட்டும் இருந்தாலே போதும், வீட்ல வெச்சுப் பார்க்கக் கூடாது. ஆம்பளைங்களும்தான். பெண்களுக்கு சிறுநீர்க்குழாய் நீளம் நாலு சென்டிமீட்டர் சுமார், ஆண்களுக்கு அதைப் போல நாலஞ்சு மடங்கு. கிருமி அவ்வளவு தூரம் ஏறி வந்திருக்குன்னா உள்ளே ஏதோ அடைப்பு, கல், ப்ராஸ்டேட்னு காரணம் இருக்கலாம். வயசானவங்களுக்கு சில சமயம் எரிச்சலே இருக்காது, திடீர்னு தடுமாறிப் பேசுவாங்க. "வயசாச்சு, அப்படித்தான்"னு விட்டுடுவோம். திருச்சி பெரியாஸ்பத்திரி ராத்திரியும் திறந்துதான் இருக்கு. கூட்டத்துக்குப் பயந்துக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க.

இன்னொண்ணு, எரிச்சல் எல்லாமே இந்தத் தொற்று இல்லை. அரிப்பு, வெள்ளைப்படுதல் கூட இருந்தா அது வேற கதை, வேற மருந்து. விலாவுல இருந்து தொடை வரைக்கும் பிடிச்சு இழுத்தா கல்லா இருக்கலாம். நாமளே பேர் வெச்சு நாமளே மருந்து வாங்கினா பாதி நேரம் குறி தப்பும்.

"எங்க அத்தைக்கு பார்லியிலயே சரியாச்சே"ன்னு ஒருத்தர் கட்டாயம் கேட்பீங்க. சரியாகியிருக்கும். ஜெர்மனியில ஒரு ஆராய்ச்சி பண்ணி 2015ல வெளியிட்டாங்க. சிக்கல் இல்லாத சிறுநீர்த் தொற்று இருக்கற பெண்கள்ல பாதிப் பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க, பாதிப் பேருக்கு வெறும் வலி மாத்திரை, ஐப்யூப்ரோஃபென். வலி மாத்திரைக் கூட்டத்துல மூணுல ரெண்டு பங்கு பேர் ஆன்டிபயாட்டிக் இல்லாமலே சரியாயிட்டாங்க. ஆனா சிறுநீரகத்துக்கு ஏறினது அந்தக் கூட்டத்துலதான் ஜாஸ்தி. பார்லி மேல அத்தைக்கு வந்த நம்பிக்கையோட ரகசியம் இதுதான். பல பேருக்குத் தானாவே சரியாகும். ஆகாத ஆள் நாமளான்னு முதல் நாள் தெரியாது. (இதைப் படிச்சிட்டு ஐப்யூப்ரோஃபென் வாங்கப் போயிடாதீங்க. கிட்னிக்குத் தொற்று ஏறியிருந்தா அது வேற வம்பு.)

இந்த டப்பா வைத்தியத்தை ஏன் இவ்வளவு திட்டறேன்னா, கதை என் விலா வலியோட முடியறதில்லை. 2008ல ஸ்வீடன்ல ஒரு நோயாளி. இந்திய வம்சாவளி, டெல்லி வந்து இங்கே ஆஸ்பத்திரியில இருந்துட்டுத் திரும்பினவர். அவருக்கு இருந்தது சிறுநீர்த் தொற்றுதான். அந்தக் கிருமிக்குள்ள இருந்த ஜீன், கடைசி ஆயுதம்னு வெச்சிருந்த கார்பபெனெம் மருந்துகளையே செல்லாக்காசாக்கிடுச்சு. அதுக்கு என்டிஎம்-1னு பேர், அதுல இருக்கற 'என்டி' நியூ டெல்லி. 2010ல இது இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன்ல பரவியிருக்கறதைப் பத்தி லான்செட் குழும இதழ்ல வந்த கட்டுரையோட முதல் ஆசிரியர் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. ஊர்ப் பேரை வெச்சதுக்கு டெல்லியில வந்த கோபத்துல பாதி மருந்து விக்கற முறை மேல வந்திருக்கலாம். அப்புறம் 2012ல டாக்டர்கள் கூடி சென்னைப் பிரகடனம்னு ஒண்ணு போட்டாங்க. 2014ல ஷெட்யூல் எச்-1 அமலுக்கு வந்து, சில முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு சீட்டு விவரத்தைக் கடைக்காரர் தனி நோட்டுல எழுதி வைக்கணும்னு ஆச்சு. ஸ்ட்ரிப்புல சிவப்புக் கோடு போட்டிருந்தா டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாது. போடறாங்க, நான் மறுக்கலை. கோடு பளிச்சுனு தெரியற ஸ்ட்ரிப்பை "ரெண்டு கொடுப்பா"ன்னு கேட்டு வாங்கறவங்களும் நாமதான்.

ஏன் கேட்டு வாங்கறோம்? சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. வெட்கம். கல்யாணம் ஆகாத பொண்ணு இதுக்கு டாக்டர்கிட்ட போனா, தாம்பத்தியம் பத்திக் கேள்வி வரும். கேட்கறதுல தப்பே இல்லை, அதுவும் ஒரு காரணம்தான், கேட்டாத்தான் வைத்தியம் பண்ண முடியும். ஆனா பக்கத்துல அம்மா உட்கார்ந்திருப்பாங்களே! சித்திரை வீதியில மருந்துக்கடைக்காரரே நம்மளைக் குழந்தைலேர்ந்து பார்த்தவர். அவர்கிட்ட "யூரின் போனா எரியுது மாமா"ன்னு சொல்றதை விட பிஸ்கட் டின் சௌகரியம். 'சூடு'ங்கற வார்த்தை இருக்கே, அது நம்ம ஊர்ல இந்த வெட்கத்துக்குப் போட்ட போர்வை. சூடுன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. போர்வைக்குள்ள ஒன்பது நாள் ஜுரம் வளரும்.

தண்ணி குடிங்கன்னு சுலபமா சொல்லிட்டேன். 2018ல வந்த ஒரு ஆராய்ச்சியில, அடிக்கடி இந்தத் தொந்தரவு வர்ற, தண்ணி கம்மியா குடிக்கற 140 பெண்களை எடுத்து, பாதிப் பேரை மட்டும் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலா குடிக்க வெச்சாங்க. ஒரு வருஷத்துல மத்தவங்களுக்கு சராசரியா 3.2 தடவை வந்தது, குடிச்சவங்களுக்கு 1.7. கிட்டத்தட்ட பாதி. மாத்திரை இல்லை, மந்திரம் இல்லை, தண்ணி. ஆனா குடிச்சா போகணுமே, எங்கே போறது? என்.எஸ்.பி. ரோட்டுல துணிக்கடையில நாள் முழுக்க நின்னுக்கிட்டு புடவை பிரிச்சுப் போடற பொண்ணுகிட்ட போய் ஒன்றரை லிட்டர்னு சொல்லிப் பாருங்க. அவங்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு 2021லதான் தமிழ்நாட்டுல சட்டத்திருத்தமே வந்தது. உட்கார்றதுக்கே சட்டம் போட வேண்டியிருந்ததுன்னா, வேலைக்கு நடுவுல பாத்ரூம் போறது எந்தக் கணக்குன்னு பார்த்துக்கோங்க. எனக்காவது ஆபீஸ்ல மாடிக்கு நாலு டாய்லெட். நான் தண்ணி குடிக்காம இருந்தது திமிரு. அவங்க குடிக்காம இருக்கறது வேற வழியில்லாம.

ஊசி முடிஞ்சு, மறுபடி டெஸ்ட் எடுத்து, தெளிஞ்சாச்சு. இப்ப மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்தான். டிக்கெட் கிடைக்கலைன்னா லீவு கேன்சல். ட்ரெய்ன் டாய்லெட் சொர்க்கம் இல்லை, ஆனா இருக்கு.

பங்குனியில ஊருக்குப் போனப்போ முதல் வேலையா அந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன். மிச்ச சொச்ச ஆன்டிபயாட்டிக் எல்லாத்தையும் எடுத்து ஒரு கவர்ல கட்டி, அப்பாவுக்கு அரை மணி நேரம் ஆர் ஆர் ஆர் கதையை ரிப்போர்ட்டோட காட்டி விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பாட்டி மட்டும் "நான் அப்பவே சொன்னேன், கஞ்சியைக் குடிச்சிட்டு டாக்டராத்துக்குப் போன்னு"ன்னா. அப்படி அவ சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை. இருந்தாலும் அவ கட்சியிலயே சேர்ந்துட்டேன்.

பி.கு: நேத்து ஃபோன்ல அம்மா சொன்னா. நான் கட்டி வெச்ச கவர்ல இருந்து ஒரு ஸ்ட்ரிப்பை அப்பா திருப்பி எடுத்து டின்ல போட்டிருக்காராம். "எக்ஸ்பைரி ஆக இன்னும் ஏழு மாசம் இருக்கே"ங்கறாராம்.